சூசை வழக்கு: ஒரு பங்க் கடையும் 1950 ஆணையின் மூன்றாம் பத்தியும்

சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்துப் பிழைத்த ஒருவருக்கு, அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை கிடைக்கவில்லை. அதே தொழிலைச் செய்த மற்றவர்களுக்குக் கிடைத்தது. அவர்களும் ஆதிதிராவிடர்கள்தான், இவரும் ஆதிதிராவிடர்தான். ஆனால் இவர் கிறித்தவர். அதனால் அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1985 செப்டம்பர் 30 அன்று தீர்ப்பு வந்தது. சட்டப் புத்தகங்களில் ‘சூசை எதிர் இந்திய ஒன்றியம்’ என்று இருப்பது இந்த வழக்குதான்.

இட ஒதுக்கீட்டில் மதமும் சாதியும் எங்கே மோதுகின்றன என்று புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு நான் முதலில் படிக்கச் சொல்வது இந்தத் தீர்ப்பைத்தான். சிறிய தீர்ப்பு, அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒன்றிய அரசு நீதிமன்றத்தில் சொல்லும் வாதத்தின் கரு அதற்குள்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

அரசமைப்பின் 341ஆவது பிரிவு, எந்தெந்தச் சாதிகள் பட்டியல் சாதிகள் என்று அறிவிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குத் தருகிறது. அறிவித்த பிறகு அதில் கைவைக்க நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். மதத்தைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. மதம் நுழைந்தது 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த ஆணையில், அதன் மூன்றாம் பத்தி வழியாக. இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகக் கருதப்படமாட்டார் என்றது அந்தப் பத்தி. தலித் கிறித்தவர்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிப்பது இதனால்தான்.

இது 1950இல் புதிதாகத் தோன்றிய எண்ணமில்லை. ஆங்கிலேயர் காலத்து 1936 ஆணையிலேயே இந்தியக் கிறித்தவர்கள் பட்டியல் சாதியில் வரமாட்டார்கள் என்று இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் அந்த வேலி இன்னும் அகலமானது. சீக்கியர்களில் நான்கு சாதிகளுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே விலக்கு கொடுத்தார்கள். 1956இல் நாடாளுமன்றம் பத்தியைத் திருத்தி, பட்டியல் சாதிச் சீக்கியர் எல்லோரையும் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய லட்சக்கணக்கானோர் 34 ஆண்டுகள் வெளியிலேயே நின்றார்கள். வி.பி. சிங் ஆட்சியில், 1990இல்தான் அவர்களுக்குக் கதவு திறந்தது. மதம் மாறியதால் இவர்களுடைய சமூக, பொருளாதார நிலை மாறிவிடவில்லை என்பதுதான் அந்தத் திருத்தத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம்.

சரியான நியாயம்தான். அதே நியாயத்தைத்தான் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு சூசையும் சொன்னார்.

பழங்குடியினருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. 342ஆவது பிரிவின் கீழ் வந்த பழங்குடிகள் ஆணையில் மத நிபந்தனை இல்லை. மிசோரமிலும் நாகாலாந்திலும் பெரும்பான்மைப் பழங்குடியினர் கிறித்தவர்கள், ஆனாலும் பழங்குடிகள்தான். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கும் மதம் தடையாக இல்லை. முஸ்லிம் சாதிகளும் கிறித்தவச் சாதிகளும் அதில் இருக்கின்றன. மூன்று பட்டியல்களில் ஒன்றுக்கு மட்டும்தான் இந்த மதக் கதவு.

தீர்ப்பு சொன்னது

தலைமை நீதிபதி பகவதி இருந்த அமர்வு, தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பாதக். மதம் மாறிய பிறகும் நான் ஆதிதிராவிடன்தான், மதத்தைக் காட்டி என்னை ஒதுக்குவது சமத்துவ உரிமைக்கும் மத உரிமைக்கும் எதிரானது என்பது மனுதாரரின் வாதம்.

மதம் மாறினால் சாதி அடியோடு போய்விடும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அது வைத்த தடை வேறு. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. இந்து சமூகத்தில் அந்தச் சாதியால் பட்ட இழிவும் இடர்ப்பாடும் புதிய மதச் சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும் என்றது. கிறித்தவச் சமூகத்துக்குள் சாதியின் நிலை பற்றி மனுவோடு வந்த தகவல்கள் மேலோட்டமானவை, ஆதாரபூர்வமான விரிவான ஆய்வு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தது.

இந்தத் தீர்ப்பில் எனக்கு இரண்டு பெரிய குறைகள் தெரிகின்றன.

முதலாவது, நிரூபிக்கும் சுமையை யார் தலையில் வைத்தார்கள் என்பது. தெருவில் செருப்புத் தைப்பவர், ஒரு மதத்தின் சமூக நிலை பற்றிய விரிவான ஆய்வைக் கொண்டுவந்து தர வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த மதத்தினரை ஒதுக்கியது அரசு. ஒதுக்கும்போது எந்த ஆய்வை வைத்து ஒதுக்கியது என்று அரசைக் கேட்டிருக்க வேண்டும். குடியரசுத் தலைவர் உரிய தகவல்களைப் பார்த்தே ஆணையிட்டிருப்பார் என்ற அனுமானத்தோடு நீதிமன்றம் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. தேடிய இடமே தவறு. கிறித்தவச் சமூகத்துக்குள் தீண்டாமை இருக்கிறதா என்று நீதிமன்றம் கேட்டது. ஆனால் சேரியில் இருக்கும் கிறித்தவர் கிறித்தவச் சமூகத்துக்குள் மட்டுமா வாழ்கிறார்? ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம் கோயிலில் இருக்கிறார். மீதி நேரமெல்லாம் ஊரில்தான். டீக்கடை, ரேஷன் கடை, களத்து வேலை, வாடகை வீடு தேடுவது, பிணத்தை எந்தப் பாதையில் எடுத்துப் போவது என்று எல்லாமே ஊரோடுதான். வீடு காலனியில் இருந்தால் ஊருக்கு அது போதும். அறுந்த செருப்பைக் கழற்றி நீட்டுகிறவர், தைப்பவர் ஞானஸ்நானம் வாங்கியவரா என்று பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்வதில்லை. சூசை செய்த தொழிலே அவரை அடையாளம் காட்டியது. நீதிமன்றத்தின் கண் முன்னாலேயே இருந்த சாட்சி அது.

இதற்கு ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே நீதிமன்றம் வேறு மாதிரி யோசித்ததையும் சொல்ல வேண்டும். இராசிபுரம் தனித் தொகுதி தேர்தல் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, சாதி இந்த மண்ணில் அவ்வளவு ஆழமாக வேரோடியிருப்பதால் வேறு மதத்துக்குப் போனாலும் அதன் அடையாளம் அழிவதாகத் தெரியவில்லை என்று எழுதினார். அந்தப் பார்வையைச் சூசை வழக்கில் முழுதாகப் பின்தொடர்ந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

கோயிலுக்குள் போனால்

சரி, நீதிமன்றம் வைத்த அளவுகோலையே வைத்துக்கொள்வோம். கிறித்தவச் சமூகத்துக்குள் மட்டுமே பார்ப்போம்.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1870களில் கட்டிய கத்தோலிக்கக் கோயிலைப் பற்றித் தென்மாவட்டத்துக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். கால்சட்டை மாதிரி இரண்டு நீண்ட கூடங்கள், இரண்டும் பீடத்தில் போய்ச் சேரும். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள். இரு பக்கத்தாரும் குருவானவரைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. இடையில் இருந்த சுவரை 1910இல் குருக்களே இடித்தார்கள். அதை எதிர்த்து வேளாளர் தரப்பு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சாதியைக் கட்டட வரைபடத்திலேயே போட்டுக் கொடுத்த சமூகத்தில் சாதி இல்லை என்று எப்படிச் சொல்வது?

அது பழங்கதை என்பவர்களுக்குத் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே தலித் கிறித்தவர்களின் கல்லறைகளையும் மற்றவர்களின் கல்லறைகளையும் ஒரு சுவர் பிரித்தது. இறந்த பிறகும் தீட்டுப் பார்த்த சுவர் அது.

அப்புறம் எறையூர். அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. ஊரில் வன்னியக் கிறித்தவர்களும் தலித் கிறித்தவர்களும் ஒரே பங்கு மக்கள், அதாவது ஒரே கோயிலுக்குக் கீழ் வருகிறவர்கள். ஆனால் தலித் வீட்டுச் சவ ஊர்வலம் முக்கியத் தெரு வழியாகப் போக முடியாது. பொறுத்துப் பார்த்த தலித்துகள், எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று மறைமாவட்டத்திடம் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது. தலித் வீடுகள் தாக்கப்பட்டன, காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரே ஜெபமாலையை உருட்டும் இரண்டு தெருக்களுக்கு இடையில் நடந்தது இது.

இந்த இடத்தில் திருச்சபையைத் தப்பவிட எனக்கு மனமில்லை. தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2003இலேயே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதைத் தானே ஒப்புக்கொண்டது. ஒப்புதல் நல்லதுதான். ஆனால் அரசிடம் பட்டியல் சாதித் தகுதி கேட்டு ஊர்வலம் போகும் அதே ஆயர்கள், தங்கள் பள்ளி, கல்லூரி வேலைகளில் தலித் கிறித்தவர்களுக்கு எத்தனை இடம் கொடுத்தோம் என்ற கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும். அதற்கு நாடாளுமன்றச் சட்டம் எதுவும் தேவையில்லை.

தமிழ்நாட்டின் ஒட்டுப்போட்ட ஏற்பாடு

நம் மாநிலத்தில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். கூடவே, மாநில அரசின் சில கல்வி உதவித் திட்டங்களில் ‘ஆதிதிராவிடர், பழங்குடியினர் மற்றும் கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்’ என்று மூன்றையும் சேர்த்தே எழுதுவார்கள். அந்த மூன்றாவது சொற்றொடரை நம்பித்தான் பல பிள்ளைகள் கல்லூரி வாசல் மிதித்திருக்கிறார்கள். அதைக் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் போட்டி யாரோடு என்று பாருங்கள். 69 சதவீதத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கு 30, அதில் 3.5 முஸ்லிம்களுக்கு உள் ஒதுக்கீடு. மிச்சமுள்ள 26.5இல், தலைமுறைகளாக நிலமும் படிப்பும் வியாபாரமும் உள்ள சாதிகளோடு சேரிப் பிள்ளை மோத வேண்டும். எல்லோருக்கும் ஒரே பி.சி. கட்-ஆஃப். 2007இல் கிறித்தவர்களுக்கும் 3.5 சதவீதம் தனியாகக் கொடுத்தார்கள். அதனால் இடங்கள் குறைகின்றன என்று கிறித்தவத் தரப்பே சொல்ல, அடுத்த ஆண்டே அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்தக் கணக்கில் தலித் கிறித்தவர்களின் நிலை தனியாகப் பேசப்படவே இல்லை.

கிடைக்காதவை இன்னும் கனமானவை. தமிழகச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கானவை. ஒன்றில்கூட தலித் கிறித்தவர் நிற்க முடியாது. ஊராட்சித் தலைவர் பதவிக்கும் அதே கதை. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். சாதியைச் சொல்லித் திட்டி அடித்தாலும், அடிபட்டவர் கிறித்தவர் என்று எதிர்த்தரப்பு நிரூபித்துவிட்டால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு போய்விடும். மதம் மாறிய போதகர் ஒருவர் கொடுத்த புகாரில் ஆந்திர உயர் நீதிமன்றம் 2025இல் அப்படித்தான் சொன்னது. அடித்தவர் சாதி பார்த்து அடிக்கிறார், சட்டம் மதம் பார்த்து விலகிக்கொள்கிறது.

இரண்டு பெயர் வாழ்க்கை

இதன் விளைவு என்ன? சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர், வீட்டில் மாதா படம். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், கோயில் பதிவேட்டில் வேறு பெயர். தமிழ்நாட்டில் இது ஊரறிந்த விஷயம். இதை ஏமாற்று என்று சொல்வது எளிது. பிள்ளைக்கு உதவித்தொகையா, அம்மா கும்பிடும் சாமியா என்று ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது யார் என்று முதலில் கேட்க வேண்டும்.

விசாரணை எப்படி நடக்கும் என்பதற்குக் கேரளத்தின் தேவிகுளம் தனித் தொகுதி உதாரணம். அங்கே வென்ற ஏ. ராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் ரத்து செய்தபோது, கோயில் பதிவேடுகளும் திருமணப் புகைப்படங்களும்கூட ஆராயப்பட்டன. 2025இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி அவர் வெற்றியை உறுதி செய்தது. ஆனால் ஒருவர் கல்யாணத்தில் என்ன உடுத்தினார் என்பதை வைத்து அவர் பாட்டன் பட்ட தீண்டாமையை அளக்க வேண்டிய நிலைக்கு நீதிமன்றங்களையே இந்தப் பத்தி தள்ளியிருக்கிறது.

தாய்மதம் திரும்பினால் சாதித் தகுதியும் திரும்பும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. 2015இல் கே.பி. மனு வழக்கில் அதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்தார்கள்: மூலச் சாதிக்குச் சான்று, திரும்பியதற்குச் சான்று, அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் நீதிமன்றம் கறாராகப் பேசியது. ஞானஸ்நானம் பெற்றுத் தொடர்ந்து கோயிலுக்குப் போகிறவர், வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. இப்போதிருக்கும் சட்டப்படி அந்த முடிவு பிசகு என்று சொல்ல முடியாது. ஆனால் திரும்பினால் ஊரில் அவர் சாதி அப்படியே காத்திருக்கும் என்று ஒப்புக்கொள்ளும் நீதிமன்றம், திரும்பாதபோது அது எங்கே போயிருந்தது என்பதற்குப் பதில் சொல்லவில்லை.

எதிர்வாதங்களில் ஒன்று கனமானது

சாதி இல்லாத மதம் என்று சொல்லித்தானே போனீர்கள், அப்புறம் எதற்குச் சலுகை என்பார்கள். சீக்கியமும் பௌத்தமும் சாதியை மறுத்த மதங்கள்தான். அவற்றுக்குப் பொருந்தாத தர்க்கம் கிறித்தவத்துக்கும் இஸ்லாத்துக்கும் மட்டும் எப்படிப் பொருந்தும்? அவை இங்கே பிறந்த மதங்கள் என்ற பதிலுக்கும் பட்டியல் சாதி என்ற கருத்துக்கும் தொடர்பில்லை. பட்டியல் சாதி என்பது தீண்டாமைக்கான ஈடு, பிறந்த மண்ணுக்கான பரிசு கிடையாது.

ஆனால் இந்து தலித்துகளில் பலர் சொல்லும் ஒன்றை நான் ஒதுக்கமாட்டேன். மிஷன் பள்ளிகளில் முன்பே படித்தவர்கள் உள்ளே வந்தால், இருக்கும் 18 சதவீதத்தில் எங்கள் பங்கு கரையும் என்கிறார்கள். நியாயமான பயம். பட்டியலுக்குள்ளேயே அருந்ததியர் பின்தங்கிப் போனதால்தான் 2009இல் தமிழ்நாடு அவர்களுக்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு கொடுத்தது. அந்த வழியே இதற்கும் தீர்வு தருகிறது என்பது என் கருத்து. 2024 ஆகஸ்ட் 1 அன்று பஞ்சாப் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதிகளுக்குள் மாநிலங்கள் உள் ஒதுக்கீடு செய்யலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. பிற்படுத்தப்பட்டோர் கணக்கில் தலித் கிறித்தவர்கள் இப்போது பெறும் இடங்களின் அளவையும் இங்கே மாற்றி, தனி உட்பிரிவாக வைத்தால் மற்றவர் பங்கு குறையாது. அரசியல் ஒதுக்கீட்டுக்கு இது பொருந்தாது, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும். வன்கொடுமைச் சட்டப் பாதுகாப்புக்கோ பங்கு பிரிக்கும் பிரச்சினையே இல்லை. அதை நாளைக்கே விரிவாக்கலாம்.

ஆய்வு எங்கே என்று கேட்டார்கள்

சூசையிடம் கேட்ட ஆய்வுகள் பின்னால் வந்தன. நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல், பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து முற்றாகப் பிரித்து மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. ஆணையத்தின் உறுப்பினர் செயலர் மட்டும் மாறுபட்டார். 2008இல் தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்துக்காக சதீஷ் தேஷ்பாண்டே குழு, முஸ்லிம், கிறித்தவ தலித்துகள் பற்றி அதுவரை இருந்த தரவுகளை எல்லாம் தொகுத்துக் கொடுத்தது. மூன்றாம் பத்தியை எதிர்த்து 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு நிலுவையிலேயே கிடந்தது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டு இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது, பிறகு அதையும் நீட்டித்தது. ஆணையம் போட்ட அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத்தில், மிஸ்ரா அறிக்கை குறைபாடுள்ளது, கிறித்தவத்திலும் இஸ்லாத்திலும் தீண்டாமை இல்லை என்று பதில் மனுவும் தாக்கல் செய்தது. ஆராயச் சொன்ன கேள்விக்கு ஆணையம் வேலையைத் தொடங்கும் முன்பே அரசு விடை எழுதிவிட்டது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று, மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வலியுறுத்தத்தான் அதனால் முடியும்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு முடிச்சு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கணக்கெடுப்பவருக்குத் தரும் வழிகாட்டுதலில், இந்து, சீக்கியர், பௌத்தர் என்று சொன்னவர்களை மட்டுமே பட்டியல் சாதியாகப் பதிய வேண்டும் என்று இருக்கும். கிறித்தவர் என்று சொன்னதும் அந்தக் கட்டம் அவருக்கு இல்லை. அதனால் தலித் கிறித்தவர்கள் எத்தனை பேர், எவ்வளவு படித்திருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று நாட்டின் மிகப் பெரிய தரவுத் தொகுப்பில் பதிலே இருக்காது. தரவு இல்லை என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுகிறது, தரவு எடுக்கவிடாமல் தடுப்பதும் அதே பத்திதான்.

2027 கணக்கெடுப்பில் எல்லோருடைய சாதியையும் கேட்கப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. கிறித்தவர் என்று சொல்கிறவர் கூடவே பறையர் என்றோ பள்ளர் என்றோ சக்கிலியர் என்றோ சொன்னால், சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ள வேண்டும், இஸ்லாமியருக்கும் அப்படியே. அந்த எண்களைக் கல்வி, தொழில், வீட்டு வசதி விவரங்களோடு சேர்த்து வெளியிடவும் வேண்டும். சமூக அமைப்புகளும் திருச்சபைகளும் படிவம் முடிவாவதற்குள் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை இதுதான். பங்குகளில் இப்போதே மக்களிடம் சொல்லி வைக்க வேண்டியதும் இதுதான்: கணக்கெடுக்க வருபவரிடம் மதத்தையும் மறைக்காதீர்கள், சாதியையும் மறைக்காதீர்கள்.